இரண்டாவது கோடு விழுந்த பிறகு

1986 பிப்ரவரி. சென்னையில் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடமிருந்து செல்லப்பன் நிர்மலா என்ற ஆய்வு மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். கையுறை கிடையாது, மாதிரிகள் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜில். வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்ததில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவின் முதல் கண்டுபிடிப்பு அது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே எச்.ஐ.வி. சோதனை என்பதை ஏதோ புதுத் திட்டம் போலப் பேசுகிறார்கள். ஆரம்பமே வெளியில்தான் நடந்திருக்கிறது. ரத்தம் எடுப்பது அன்றைக்கும் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கேட்டு எடுத்தார்களா, முடிவு தெரிந்தபின் அந்த ஆள் எங்கே போவார் என்கிற இரண்டும்தான் பிரச்சினை. இன்றைக்கு ஒரு முகாமை எடைபோடவும் இந்த இரண்டு கேள்விகள் போதும்.

முகாம் ஏன் தேவை என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற எச்.ஐ.வி. சோதனை மையம் இருக்கிறது. சோதனை இலவசம், ஆலோசனையும் இலவசம். ஆனால் அது ஓ.பி. நேரத்தில் இயங்குவது. லாரி டிரைவர், கட்டடத் தொழிலாளி, ஓட்டலில் தட்டெடுப்பவர் எல்லாருக்கும் அது அரை நாள் கூலி. அதைவிடப் பெரிய தடை, அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே சோதனை நடந்துவிடுகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆண்தான் கடைசிவரை சிக்குவதில்லை. எடை குறைந்து, காசநோய் வந்து படுத்த பிறகுதான் அவருக்குத் தெரியவருகிறது.

சரி, வெளியே போகிறோம். எங்கே?

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிட், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தில் சோதிக்கும் பொட்டலம், தொற்று உள்ளவரில் 100க்கு 99.5 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, தொற்று இல்லாதவரில் 100க்கு 99.5 பேரைச் சரியாக விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிட்தான். இதை எடுத்துக்கொண்டு பொதுமக்கள் 10,000 பேரைச் சோதிக்கிறோம். தொற்று விகிதம் 0.2 சதவீதம் என்றால் அதில் 20 பேருக்குத் தொற்று இருக்கும். அவர்கள் எல்லாரும் பிடிபடுவார்கள். மீதி 9,980 பேரில் அரை சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 50 பேருக்குத் தொற்று இல்லாமலேயே இருப்பதுபோல, அதாவது ரியாக்டிவ் என்று காட்டும். மொத்தம் 70 ரியாக்டிவ், அதில் உண்மை 20. பத்தில் ஏழு பேரிடம் பொய்யான செய்தியைச் சொல்லியிருப்போம்.

இதே கிட், இதே 10,000 பேர், ஆனால் தொற்று விகிதம் 5 சதவீதம் உள்ள குழு. 500 பேரில் 497 அல்லது 498 பேர் பிடிபடுவார்கள். பொய் ரியாக்டிவ் 47, 48தான். இப்போது பத்தில் ஒன்பது ரியாக்டிவ் உண்மை. கிட் மாறவில்லை, இடம்தான் மாறியது.

அதனால்தான் முகாமில் செய்வதை 'ஸ்கிரீனிங்' என்கிறோம், நோய் நிர்ணயம் என்பதில்லை. முகாமில் ஒரே ஒரு கிட். அதில் ரியாக்டிவ் வந்தால் நம்பிக்கை மையத்தில் நரம்பில் ரத்தம் எடுத்து, வெவ்வேறு வகைக் கிட்களில் வரிசையாகச் சோதித்து, மூன்றும் ரியாக்டிவ் என்றால்தான் 'பாசிட்டிவ்' என்ற சொல்லையே எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் எல்லா நாட்டுக்கும் மூன்று சோதனை என்று சொன்னதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். முகாமில் வாய் தவறிக்கூட 'உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது' என்று சொல்லக்கூடாது. 'இன்னொரு சோதனை செய்தால்தான் முடிவு தெரியும்' என்பதுதான் சரியான வாக்கியம். இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு என்று நினைக்காதீர்கள், புள்ளிவிவரமே அதுதான்.

கல்லூரி வளாகத்தில், பேருந்து நிலையத்தில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு ஒரே நாளில் 500 பேருக்குச் சோதனை என்று பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் முகாம்கள் மேல் நமக்கு மரியாதை குறைவு. இலக்கு எண்ணிக்கையாக இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும். போன மாதம் சோதித்தவரையே இந்த மாதமும் உட்காரவைப்பார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் பக்கம், பாலியல் தொழில் நடக்கும் இடங்கள், ஊசிமூலம் போதை எடுப்பவர்கள் கூடும் இடம் என்று ஹாட்ஸ்பாட் பார்த்துப் போகிற முகாமில் 30 பேர் வந்தாலே நல்ல முகாம். எங்கே, எந்த நேரம் என்பது அந்தக் குழுவிலிருந்தே வந்து வேலை பார்க்கும் பியர் எஜுகேட்டருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் ஜீப்பை எடுக்கக்கூடாது. கென்யாவில் பாலியல் தொழிலாளிகளுக்காக இரவில் நடத்துகிற சோதனைக்கு 'மூன்லைட்' என்றே பெயர்.

கிழமையும் கணக்கில் வர வேண்டும். சனிக்கிழமை மாலை முகாம் வைத்தால், ரியாக்டிவ் வந்தவருக்கு நம்பிக்கை மையம் திறக்கத் திங்கள் காலை ஆகும். நடுவில் இரண்டு இரவு. அந்த இரண்டு இரவில் ஆள் என்ன செய்வார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. செவ்வாய், புதன், வியாழன் மாலை வையுங்கள். மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போகலாம்.

கூவாகம் போன்ற திருவிழா இன்னொரு வகை. சித்திரையில் நாடு முழுவதிலிருந்தும் திருநங்கையர் வந்து சேர்கிறார்கள், தாலியறுப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அங்கே ரியாக்டிவ் வந்தவரைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி என்ன பயன்? அவர் மும்பையில் இருப்பவராக இருக்கலாம். அவர் ஊர் மையத்தின் முகவரியும், அங்கே அவர் மொழி பேசும் ஒரு ஆளின் எண்ணும் கையில் இல்லாமல் அங்கே விரலைக் குத்துவது அரைகுறை வேலை.

இனி விரல். பார்க்கச் சுலபம், கெடுவது அதைவிடச் சுலபம்.

கம்பி கட்டுபவர், ஸ்டியரிங் பிடிப்பவர், நாற்று நடுபவர் விரல்களில் தோல் காய்த்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, கையை ஒரு நிமிடம் தொங்கவிடச் சொல்லுங்கள். அதிகம் புழங்காத கையின் மோதிர விரலோ நடுவிரலோ சரி. நுனிச் சதையின் நட்டநடுவில் குத்தக்கூடாது. பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு, ரத்தமும் நன்றாக வரும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, காயும்வரை காத்திருக்க வேண்டும். ஊதிக் காயவைக்கக்கூடாது. ஈரம் காயாமல் குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்து அணுக்களை உடைக்கும், சோதனையும் கெடும். லேன்செட் என்ற குத்தூசி ஒரு முறைக்கு மட்டும். குத்தியதும் ஊசி தானாக உள்ளே போய்விடுகிற வகைதான் வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவதுதான் முகாமில் அதிகம் பார்க்கிற தப்பு. பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். அதைவிட வேறு விரலில் இன்னொரு முறை குத்துவது மேல்.

அடுத்து அளவு. கிட்டுக்குக் கிட் மாறும். எஸ்.டி. பயோலைன் என்ற கிட்டில் முழு ரத்தம் 20 மைக்ரோலிட்டர், ரத்தத்தை ஓடவைக்கும் திரவமான பஃபர் 4 சொட்டு, 10 முதல் 20 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிடர்மைனில் 50 மைக்ரோலிட்டர், பஃபர் 1 சொட்டு, 15 நிமிடம் கழித்து, 60 நிமிடத்துக்குள். சப்ளை மாறி வேறு கிட் வந்த மாதத்தில் பழைய கைப்பழக்கத்தில் சொட்டு விடுவார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முகாமுக்கு முந்தைய நாள் எல்லாரும் சேர்ந்து படிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. பஃபர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்துவிடும், செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) பஃபரை இன்னொரு லாட்டின் கேசட்டுக்கு, அதாவது ரத்தம் விடும் பட்டைக்கு, ஊற்றக்கூடாது.

வெயில் நம் ஊரின் தனிப் பிரச்சினை. பெரும்பாலான கிட்கள் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. மே மாதம் வேலூரில் பூட்டி நிறுத்திய ஜீப்பின் உள்ளே எவ்வளவு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. ஐஸ் பேக் போட்ட பெட்டியில் வையுங்கள், ஆனால் கிட் ஐஸ் பேக்கை நேராகத் தொடக்கூடாது, உறையவும் கூடாது. குளிர்ச்சியாக இருக்கும் உறையை உடனே கிழித்தால் கேசட்மேல் வியர்க்கும். வெளிச்சூட்டுக்கு வந்தபின் கிழிக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று பத்து உறையை முன்கூட்டியே கிழித்து வரிசையாக அடுக்கி வைப்பவர்கள் உண்டு. ஈரக்காற்று பட்ட கேசட்டை நம்பக்கூடாது.

கேசட்டின் மேல் மார்க்கரால் அந்த ஆளின் குறியீட்டு எண்ணும், சொட்டு விட்ட நேரமும் எழுத வேண்டும். ஆறு கேசட் ஒன்றாக ஓடும்போது ஞாபகசக்தியை நம்பினால் வேலைக்கு ஆகாது. கேசட்டில் ஒரு கோடு சோதனை ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு, இரண்டாவது கோடும் விழுந்தால் ரியாக்டிவ். சீக்கிரம் பார்த்தால் மங்கலான இரண்டாவது கோடு தவறிவிடும். நேரம் கடந்து பார்த்தால் காய்ந்த தடம் கோடு போலத் தெரியும். நேரத்துக்குள் விழுந்த கோடு எவ்வளவு வெளிறியிருந்தாலும் அது கோடுதான். 'லேசாத்தானே இருக்கு, விட்டுடலாம்' என்ற பேச்சே கூடாது. இரவு முகாமென்றால் ஒரு நல்ல டார்ச் லைட் கிட்டைப் போலவே முக்கியம். இன்னொன்று: கன்ட்ரோல் கோடு விழுந்துவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். பல கிட்களில் திரவம் ஓடியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ரத்தமே விடாமல் பஃபரை மட்டும் ஊற்றினாலும் கோடு வரும்.

18 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு இந்தக் கிட்டைப் போடவே கூடாது. இது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிற சோதனை. தாய்க்குத் தொற்று இருந்தால் அவருடைய எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்திலும் ஓடும், குழந்தைக்குத் தொற்று இல்லாமலே கோடு விழும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை; காய்ந்த ரத்தப் புள்ளி எடுத்து அனுப்புவார்கள். அதே சமயம், இப்போதுதான் தொற்று தெரியவந்த தாயின் பத்து வயதுப் பையனை யாரும் சோதிக்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. 'நல்லாத்தானே இருக்கான்' என்பார்கள். அவனைச் சோதித்தே ஆக வேண்டும்.

இடத்தை எப்படி அமைப்பது என்பதை யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை. ரியாக்டிவ் வந்தவரிடம் கவுன்சலர் இருபது நிமிடம் பேசுகிறார், மற்றவரை இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார் என்றால், வெளியே பெஞ்சில் இருக்கும் அத்தனை பேருக்கும் சங்கதி தெரிந்துவிடும். எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே நேரம் பேசுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடிய கவர் கொடுங்கள். உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் வேறாக இருக்கட்டும். கேசட் ஓடும் மேஜை ஆட்கள் எட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்கக்கூடாது.

பேனரில் 'எய்ட்ஸ் பரிசோதனை முகாம்' என்று பெரிதாகப் போட்டால் ஆள் வரமாட்டார். பி.பி., சுகர், எச்.ஐ.வி. என்று சேர்த்துப் பார்ப்பது பலன் தருகிறது. உகாண்டாவிலும் கென்யாவிலும் 32 ஊர்களில் நடந்த 'சர்ச்' ஆய்வில் இப்படிப் பல நோய்க்கும் சேர்த்து முகாம் வைத்து, வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்ததில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்வரை சோதனை எட்டியது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 'சுகர் பார்க்கிறோம்' என்று குத்திய விரலிலிருந்தே சொல்லாமல் எச்.ஐ.வி.க்கும் ஒரு சொட்டு எடுப்பது சட்டத்துக்கு எதிரானது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், விவரம் சொல்லி ஒப்புதல் வாங்காமல் சோதிக்கக்கூடாது, முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்கிறது. வேலைக்குச் சேர இந்தச் சோதனையை நிபந்தனையாக வைக்கவும் கூடாது. மில் மேனேஜர் 'எல்லாரையும் வரிசையில் நிறுத்துறேன், லிஸ்ட் மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க சார்' என்று சொன்னால், கிட் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

முன் ஆலோசனையில் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: 'இதுக்கு முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?' ஏற்கெனவே ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் பல காரணங்களுக்காக மறுபடி சோதனைக்கு வருவார். குணமாகிவிட்டதா என்று பார்க்கவும் வருவார். அவரைப் 'புதிய கேஸ்' என்று எழுதினால் கணக்கு தப்பும். மாத்திரை எடுப்பவருக்கு, குறிப்பாக எச்சில்வழிச் சோதனையில், கோடு விழாமலும் போகலாம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு.

தனக்குத் தானே செய்துகொள்ளும் சுயசோதனையைப் பற்றிக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் எச்சில்வழிக் கிட்டான ஓராகுவிக் 2012லேயே கடையில் விற்க அனுமதி பெற்றது. மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை குச்சியால் தேய்த்து, குப்பியில் நட்டு, 20 முதல் 40 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சாப்பிட்டு 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் தேய்ப்பவர்கள், குப்பியில் இருக்கும் திரவத்தைக் குடித்துவிடுபவர்கள், கொட்டிவிடுபவர்கள் எல்லாம் உண்டு. மக்களே செய்துபார்த்த அமெரிக்க ஆய்வில் தொற்றுள்ள 12 பேரில் ஒருவருக்குத் தப்பாக 'இல்லை' என்று வந்தது. எனவே இது விரல் சோதனைக்கு மாற்று என்பதைவிட, விரலையே நீட்ட மாட்டேன் என்பவருக்கான வழி. கென்யாவின் கிசுமுவில் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மருத்துவமனைக்கு வந்த 600 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், கணவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கிட் தரப்பட்ட பெண்களின் துணைவர்களில் 91 சதவீதம் பேர் சோதித்துக்கொண்டனர். 'வரச்சொல்லுங்கள்' என்று சீட்டு மட்டும் கொடுத்த குழுவில் 52 சதவீதம்தான். வீட்டில் அடி விழும் என்று தெரிந்த பெண்ணிடம் மட்டும் கிட்டைக் கொடுத்தனுப்பக்கூடாது. அதை முதலிலேயே தனியாகக் கேட்டுவிட வேண்டும்.

கோடு விழாதவரிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. தொற்று ஏறியபின் விரல் சோதனையில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். போன வாரம் நடந்ததற்கு இன்றைய 'இல்லை' பதில் ஆகாது. நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 28 நாள் தடுப்பு மாத்திரை இருக்கிறது. சோதனை செய்யும் ஊழியர் கையில் லேன்செட் குத்திவிட்டாலும் இதே கணக்குதான். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிழியக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

இனி ரியாக்டிவ் வந்தவர். ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கையில் கொடுத்தனுப்புவதில் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கூட ஒரு ஆள் போக வேண்டும். காலையில் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது, பஸ் செலவு யார் என்பது அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிவாக வேண்டும். போன் நம்பர் வாங்கும்போதே 'எத்தனை மணிக்குப் பேசலாம், வேற யாராவது எடுப்பாங்களா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்தும் அனுப்ப வேண்டாம். லாரி டிரைவர் என்றால் அடுத்த லோடு எங்கே என்று கேட்டு, அவர் போகும் வழியில் இருக்கும் மையத்துக்குச் சீட்டு எழுதுங்கள். நாமக்கல்லிலிருந்து கிளம்பும் வண்டி பத்து நாள் கழித்துத்தான் திரும்பும் என்றால் நாமக்கல் மைய முகவரியால் அவருக்குப் பயனில்லை.

உறுதியானால் சிகிச்சை காத்திருக்கிறது என்பதை முகாமிலேயே சொல்லிவிடலாம். நோயெதிர்ப்பு அணுக்களான சி.டி.4 எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருந்த காலம் 2017உடன் முடிந்தது. இப்போது தொற்று உறுதியான எல்லாருக்கும் மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, தினம் ஒன்று, அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபிறகுதான் பலர் தலை நிமிர்ந்து அடுத்த கேள்வி கேட்பார்கள். வழக்கமாக அந்தக் கேள்வி 'வீட்டுல சொல்லணுமா?' என்பதாக இருக்கும். துணைவரைச் சோதிப்பதற்கான பேச்சை நம்பிக்கை மையத்தின் கவுன்சலருக்கு விட்டுவிடுங்கள். முகாமில் வந்த முடிவைத் துணைவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. உறுதியான முடிவைச் சொல்வதையும் சட்டம் மருத்துவர், கவுன்சலர் என்ற இருவருக்கு மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு, அனுமதிக்கிறது.

கடைசியாகக் கூடாரத்தைப் பிரிக்கும் வேலை. லேன்செட் வெள்ளைநிறத் துளைபடாத டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் ரத்தம் உறிஞ்சி விடும் பிளாஸ்டிக் பிப்பெட்டும் சிவப்புப் பையில். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட வேண்டும். பெஞ்சுக்கு அடியில், புல்லுக்குள் டார்ச் அடித்து ஒரு முறை தேடிப் பாருங்கள். காலையில் அங்கே குழந்தைகள் விளையாட வரலாம்.

ரெஜிஸ்டரில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண், சோதித்த தேதி, முடிவு, கவுன்சலர் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். அதன் வலது ஓரத்தில் 'நம்பிக்கை மையத்துக்கு வந்த தேதி', 'மாத்திரை தொடங்கிய தேதி' என்று இன்னும் இரண்டு கட்டம் கையால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கூட்டத்தில் எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்று கேட்டால், அந்த இரண்டு கட்டத்தில் எத்தனை காலியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.